எந்த ஃபண்ட் என்று தேடுவதற்குள் கடன் வளர்கிறது

கேள்வி: எனக்கு வயது 34. எதை வாங்கப் போனாலும் பத்துப் பதினைந்து மாடல்களை ஒப்பிட்டுக் குழம்பிப்போகிறேன். முதலீட்டிலும் இதே கதைதான். எட்டு மாதமாக ஐந்து மியூச்சுவல் ஃபண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பணம் ஆண்டுக்கு 3% வட்டியில் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. கிரெடிட் கார்டில் ஒரு பாக்கி உண்டு, மாதம் 3% வட்டி. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவிடுகிறேன். சேமிப்பு அந்தப் பாக்கியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். அக்காவின் கணவர் வேறு, காப்பீடும் முதலீடும் சேர்ந்த ஒரு பாலிசியில் சேரச் சொல்லி வற்புறுத்துகிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த ஐந்து ஃபண்டுகளில் எது நல்லது என்று இப்போது சொல்லப்போவதில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் கார்டு பாக்கிதான் எனக்குக் கவலை தருகிறது.

எட்டு மாதத்துக்கு முன்பு பாக்கி 100 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தொகை 5% என்றால், முதல் மாதம் கட்டிய 5-இல் 3 வட்டிக்கே போயிருக்கும். அசலில் கழிந்தது 2 மட்டுமே. இப்படியே எட்டு மாதத்தில் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 22 கொடுத்திருப்பீர்கள். அதே 100 சேமிப்புக் கணக்கில் இருந்ததற்கு உங்களுக்குக் கிடைத்தது 2. வங்கி ஒரு வருடம் முழுக்கத் தருவதைக் கார்டு ஒரே மாதத்தில் எடுத்துக்கொள்கிறது. மாதம் 3% என்பது கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42%-க்கும் மேல். அவ்வளவு லாபத்தை உறுதியாகத் தரும் ஃபண்ட் எங்கும் கிடையாது. அப்புறம் எதற்கு இந்த ஒப்பீடு?

இன்னொன்றும் கவனியுங்கள். பாக்கி நிலுவையில் இருக்கும்வரை பெரும்பாலான கார்டுகளில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அதனால் இந்த வாரமே சேமிப்பிலிருந்து முழுப் பாக்கியையும் கட்டுங்கள். மீதி இருப்பது அவசரத்துக்கு. அதைத் தொட வேண்டாம். கையிருப்பு குறைகிறதே என்று தயங்குவீர்கள். ஆனால் அந்தப் பணம் ஏற்கெனவே கார்டு நிறுவனத்துக்குச் சேர வேண்டியதுதான்.

குழம்பியதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்க ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களை ஆராய்ந்து ஷீனா ஐயங்கார் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பட்டியலில் பத்து ஃபண்டுகள் கூடினால், திட்டத்தில் சேருவோர் விகிதம் 1.5 முதல் 2 சதவீதப் புள்ளிகள் வரை குறைந்தது. பட்டியல் நீளும்போது தள்ளிப்போடுவது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் உங்கள் விஷயத்தில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள்.

கடன் முடிந்த பிறகு, பட்டியலைத் திறக்கும் முன்பே நிபந்தனைகளை எழுதிவிடுங்கள்: சந்தை முழுவதையும் தழுவிய இண்டெக்ஸ் ஃபண்ட் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுவது), குறைந்த கட்டணம், நினைத்தபோது வெளியேறும் வசதி. இவை பொருந்தும் முதல் ஃபண்டோடு தேடலை நிறுத்துங்கள். புதிதாக அறிமுகமாகும் துறை சார்ந்த ஃபண்டுகள் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் பல, ஒரு துறை ஏற்கெனவே நன்றாக ஏறிய பிறகுதான் விற்பனைக்கு வருகின்றன. பொருள் வாங்கும்போதும் இதே வழிதான்: முதலில் விலை வரம்பு, அப்புறம் மாடல்.

அத்தானிடம் "கடன் முடியும்வரை எதிலும் சேருவதாக இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள். மேலும் கேட்டால், மூன்றாம் ஆண்டில் பாலிசியை முறித்தால் கைக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். உங்களை நம்பி யாராவது இருந்தால் டேர்ம் பாலிசி (முதலீடு கலக்காத, வெறும் ஆயுள் காப்பீடு) எடுங்கள். காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. முழுப் பாக்கியும் கட்டிய பிறகும் அடுத்த அறிக்கையில் சிறிய வட்டித் தொகை ஒன்று வரலாம். அறிக்கைத் தேதிக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. அதையும் கட்டிவிட்டு, தானாகக் கழியும் வசதியில் குறைந்தபட்சத் தொகைக்குப் பதில் மொத்தத் தொகை என்று மாற்றிவிடுங்கள்.