5400 சுற்றா, 7200 சுற்றா?

கேள்வி: வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்குப் பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்கவுள்ளேன். 5400 சுற்று வன்தட்டுள்ளதையும், விலை சற்றுக் கூடிய 7200 சுற்று வன்தட்டுள்ளதையும் கடையில் காட்டினார்கள். எதை வாங்கலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இவை வன்தட்டு ஒரு நிமிடத்தில் சுழலும் எண்ணிக்கைகள். தேவையான தரவு வாசிப்பு முனையின் கீழ் வந்துசேரும் வரையிலான சராசரிக் காத்திருப்பு 5400 சுற்றில் ஏறத்தாழ 5.6 மில்லிசெக்கன், 7200 சுற்றில் 4.2 மில்லிசெக்கன், ஆகவே விண்டோஸ் திறக்கும்போது சிறிது வேறுபாடு தெரியலாமே தவிர, மகள் வேர்டில் ஒப்படை தட்டெழுதும்போது எதுவும் தெரியாது. வேகமான தட்டு பொதுவாகச் சற்று அதிகம் சூடாகும், மின்கலத்தையும் கூடுதலாகத் தின்னும். அந்த மேலதிக விலையை நானென்றால் கொடுக்கமாட்டேன்.

5400 சுற்று உள்ளதையே வாங்கி, மிஞ்சும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, வன்தட்டு இருந்த அதே 2.5 அங்குல இடத்தில் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. (தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும், மிக வேகமான சேமிப்பகம்; சாட்டா இணைப்பு வகை) ஒன்றைப் பொருத்துவியுங்கள். அதில் சுழலும் பாகமே இல்லாததால், தினமும் பஸ்ஸில் குலுங்குவதையும் தாங்கும். கழற்றிய வன்தட்டை யூ.எஸ்.பி. உறையிலிட்டு விரிவுரைப் பதிவுகளைச் சேமிக்கலாம். ஆனால் அதற்குமுன், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே இயக்கச் சொல்லி, அந்த வன்தட்டு எத்தனை மணித்தியாலம் ஓடியது, பழுதான பகுதிகள் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.