மூக்கில் பிறந்து மூளைக்குப் போகும் செல்கள்

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மீசை அரும்பவில்லை, குரல் உடையவில்லை. சிறு வயதிலிருந்தே வாசனையும் தெரியாது. "கால்மன் சிண்ட்ரோம், செல்கள் மூளைக்குப் போகாமல் வழியில் நின்றுவிட்டன" என்கிறார் டாக்டர். மூக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பமாக இருந்தபோது நான் ஏதும் தவறு செய்துவிட்டேனா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. இது மரபணுவில் நேர்வது.

பருவ வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் ஜிஎன்ஆர்ஹெச் ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் மூளையில் பிறப்பதில்லை. சில வாரக் கருவில், மூக்கு உருவாகும் இடத்தில் பிறக்கின்றன. அங்கிருந்து, பந்தல் கயிற்றைப் பற்றிக் கொடி ஏறுவதுபோல, வாசனை நரம்பிழைகளைப் பற்றிக்கொண்டு மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸுக்குப் போகவேண்டும். வழிநெடுக இருக்கும் புரதங்களில் சில அவற்றை இழுக்கும். செமாஃபோரின் போன்றவை விலக்கித் தள்ளி, பாதை மாறாமல் பார்த்துக்கொள்ளும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதானால் அனோஸ்மின் என்ற புரதம் கிடைக்காது. நரம்பிழைகள் மூளையை எட்டாது. கயிறே அறுந்தபின் செல்கள் எதைப் பிடித்து ஏறும்? 1989இல் இந்தக் கோளாறு இருந்த 19 வாரக் கருவை ஆராய்ந்தபோது, அந்தச் செல்கள் மூக்குக்கு மேலே, மூளையின் வாசலிலேயே தேங்கிக் கிடந்தன. வேறு சில மரபணுக்களாலும் இது வரலாம்.

வாசனைக் குறையை வீட்டில் கவனிக்காமல் போவது சகஜம். மிளகாய் நெடிக்குப் பையன் தும்முவான். அது வேறு நரம்பின் வேலை. பால் தீய்ந்தால்தான் அவனுக்குத் தெரியாது.

ஜிஎன்ஆர்ஹெச்சின் உத்தரவைப் பெற்று விரைகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியும், விரைகளும் பெரும்பாலும் வேலை செய்யக்கூடியவையே, அந்த உத்தரவுதான் வரவில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் குரலும் மீசையும் வரும், எலும்பும் உறுதியாகும். ஆனால் அது விந்தணுவை உண்டாக்காது. குழந்தை வேண்டும் என்னும் காலத்தில் வேறு ஹார்மோன் ஊசிகள் உண்டு, பலர் தந்தையாகியிருக்கிறார்கள். இதை இப்போதே அவனிடம் சொல்லுங்கள். இந்த வயதில் வாய்விட்டுக் கேட்கமாட்டான், மனதுக்குள் புழுங்குவான்.

சிலருக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான் இருக்கும், சிலருக்குக் காது மந்தம். வயிற்று ஸ்கேனும் செவித்திறன் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். உங்கள் சகோதரர்களுக்கோ, சகோதரியின் மகன்களுக்கோ இதே குறை இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாசனை மட்டும் மருந்தால் வராது. சிலிண்டர் கசிந்தால் அவனுக்குத் தெரியாது; அடுப்படியில் கசிவைக் காட்டும் அலாரம் ஒன்று மாட்டிவையுங்கள்.