உர விலை உயர்வும் விநியோகத் தடையும் விவசாயிகளை எவ்வாறு பாதிக்கின்றன?

விலையைவிட, உரம் காலம் தவறி வந்து சேர்வதே பெரிய இழப்பு என்பது என் கருத்து. நெற்பயிர் தூர்கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடும், பருவத்தில் இட வேண்டிய யூரியா இரண்டு வாரம் பிந்தினால் தூர்கள் குறைந்துவிடும். பிறகு எவ்வளவு அள்ளிப் போட்டாலும் அதை முழுமையாக ஈடுகட்ட முடியாது.

46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) கொண்ட யூரியாவுக்கு மூலப்பொருளான அம்மோனியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராவதால், எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறுகிறது. 2021இலேயே ஏறத் தொடங்கியிருந்த விலை, 2022இல் உக்ரைன் போர் மூண்டதும் மேலும் எகிறியது; பெலாரஸ் மீதான தடைகளால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) தரும் பொட்டாஷ் உரத்தின் வரத்தும் குறைந்தது.

விளைபொருளின் விலையைத் தாமே நிர்ணயிக்க முடியாத, உரத்தைக் கடனுக்கு வாங்கும் சிறு விவசாயிகளால் கூடுதல் செலவை வேறு யார் தலையிலும் கட்ட இயலாது. ஆகவே பலர் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தையுமே முதலில் குறைக்கிறார்கள், அவற்றின் பற்றாக்குறை உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால்.