காசா எங்கோ இருக்கிறது. அதற்காக பிரிட்டன் முஸ்லிம்கள் லேபர் கட்சியைக் கைவிட்டது ஏன்?

கேள்வி கேட்டவர் கூடவே இதையும் எழுதியிருக்கிறார்: "பிரிட்டன் எம்.பி. ஒருவர் காசா போரை நிறுத்திவிட முடியுமா? மருத்துவமனை, வாடகை, பள்ளிக்கூடம் என்று உள்ளூரில் ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இது வெறும் உணர்ச்சி வேகம் இல்லையா?"

நான் காயல்பட்டினத்துக்காரன். 2013இல் வேலைக்காக வந்து கிழக்கு லண்டனில் குடியிருக்கிறேன். ஊரில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டவர் முறையான விசாவோடு இங்கே வசித்தால் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. 2015இல் அப்படித்தான் முதல் ஓட்டைப் போட்டேன், லேபருக்கு. 2017, 2019 இரண்டிலும் அவர்களுக்கே. பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்று தொழுகிற டாக்சிக்காரர், மருந்துக்கடைக்காரர், ஆசிரியர் எல்லாருமே லேபர்தான். வாப்பா ஊரில் கடைசிவரை ஒரே சின்னத்துக்குக் குத்தியது போல, இங்கே அது குடும்பப் பழக்கம்.

அந்தப் பழக்கம் எப்படி விட்டது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்த தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். ஏறத்தாழ 250 பேரைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள். எங்கள் பள்ளிவாசலில் அதை யாரும் கொண்டாடவில்லை. அப்பாவி உயிரை எடுப்பது ஹராம் என்று இமாம் அந்த வார ஜும்ஆவிலேயே, வெள்ளிக்கிழமைத் தொழுகையிலேயே, சொன்னார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நாங்கள் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் இந்தச் சந்தேகம் எங்கள் மேல் விழுந்தது.

அக்டோபர் 11 அன்று லேபர் தலைவர் கியர் ஸ்டார்மர் லிவர்பூல் கட்சி மாநாட்டில் இருந்தபடி வானொலிக்குப் பேட்டி கொடுத்தார். காசாவுக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவது சரியா என்று கேட்டார்கள். இஸ்ரேலுக்கு அந்த உரிமை இருக்கிறது என்கிற விதமாகப் பதில் சொன்னார். எல்லாம் சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். தற்காப்பு உரிமையைத்தான் சொன்னேன், தண்ணீரை நிறுத்துவதை அல்ல என்று விளக்கம் வந்தபோது ஒன்பது நாள் ஓடிவிட்டது. அதற்குள் அந்தச் சில விநாடிக் காட்சி ஒவ்வொரு வாட்ஸாப் குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. பேசியவர் சாதாரண அரசியல்வாதியும் இல்லை. மனித உரிமை வழக்கறிஞராகப் பெயரெடுத்து, அரசின் தலைமை வழக்குத் தொடுநராக இருந்தவர். தண்ணீர் என்றால் என்ன என்று அவருக்குச் சட்டமும் தெரியும், மனசும் தெரியும் என்று நம்பியிருந்தோம். ஒரு வருஷத்துக்கு முன்னால் ரஷ்யா உக்ரைனின் மின்நிலையங்களைத் தாக்கியபோது, அது போர்க்குற்றம் என்று ஐரோப்பியத் தலைவர்கள் சொன்னதையும் நாங்கள் மறந்துவிடவில்லை.

அப்புறம் நவம்பர் 15. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி உடனடிப் போர்நிறுத்தம் கோரி நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு ஆதரவாக ஓட்டுப் போடக்கூடாது என்று லேபர் கொறடா உத்தரவு. உதவி உள்ளே போக மனிதாபிமான இடைவேளை போதும், முழுப் போர்நிறுத்தம் வந்தால் ஹமாஸ் மறுபடி தலையெடுக்கும் என்பது தலைமையின் வாதம். 56 லேபர் எம்.பி.க்கள் உத்தரவை மீறினார்கள். எதிர்க்கட்சி சார்பில் ஒவ்வொரு துறையையும் கவனிக்கிற நிழல் அமைச்சர்கள் எட்டுப் பேர் பதவியை இழந்தார்கள். திருத்தம் 125க்கு 293 என்று தோற்றது. அன்று இரவு எங்கள் வீட்டில் அந்தப் பட்டியலைத்தான் படித்துக்கொண்டிருந்தோம், யார் போட்டார், யார் போடவில்லை என்று.

அந்தத் திருத்தம் வென்றிருந்தாலும் குண்டு நின்றிருக்காது என்று எங்களுக்குத் தெரியும். லேபர் அப்போது எதிர்க்கட்சி. அவர்கள் போரை நிறுத்துவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "நிறுத்துங்கள்" என்று வாயால் சொல்லச் சொன்னோம். அந்தச் சொல்லுக்குச் செலவில்லை. அதைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் சொல்வார்கள், அந்தக் கணக்கில் நாங்கள் ஏற்கெனவே வரவு வைக்கப்பட்ட ஓட்டு, இனிச் சம்பாதிக்கத் தேவையில்லாத ஓட்டு. இது புரிந்த நாளில்தான் மனசு விட்டது. 2024 பிப்ரவரியில் லேபரே மனிதாபிமானப் போர்நிறுத்தம் என்ற சொல்லுக்கு வந்தது. அதற்குள் அந்தச் சொல்லுக்கு இருந்த விலை போய்விட்டது.

தொலைதூரம் என்கிறீர்கள். 1917இல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு என்று கடிதம் எழுதிய பால்ஃபர் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர். 1948 வரை அந்த மண்ணை ஆண்டது பிரிட்டன். இன்றும் இஸ்ரேலிய எஃப்-35 போர் விமானங்களில் பிரிட்டனில் செய்த பாகங்கள் இருக்கின்றன. லண்டனில் வரி கட்டுகிறவனுக்கு காசா அவ்வளவு தூரம் இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் மேல் வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் லிஃப்டில் என் கையில் ஊர்வலப் பதாகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, 2009இல நாங்களும் அந்தப் பாராளுமன்றச் சதுக்கத்திலதான் இருந்தனாங்கள். எழுபத்து மூன்று நாள். வேலைக்கும் போகேல்லை. எத்தனை எம்.பி.மாருக்குக் கடிதம் எழுதினனாங்கள். எல்லாரும் கவலைப்படுறம் எண்டுதான் பதில் போட்டவை." அப்போது ஆட்சியில் இருந்தது லேபர்தான். முள்ளிவாய்க்கால் முடிந்த பிறகும் சில வாரம் அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஞாபகம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் பதாகையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஊர்வலத்துக்கு அவரும் வந்தார்.

பள்ளியில் மூத்தவர்களுக்கு இது இரண்டாம் தடவை. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக லட்சக்கணக்கான பேர் லண்டனில் நடந்தார்கள், இவர்களும் நடந்தார்கள். ஒரு மாதத்தில் டோனி பிளேர் படையை அனுப்பினார். 2005இல் கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் தொகுதியை லேபர் 823 ஓட்டில் இழந்தது. பிறகு கோபம் ஆறி எல்லாரும் மெல்லத் திரும்பினார்கள். "அப்ப மன்னிச்சோம்ல, அதான் திரும்பவும் செய்றாங்க" என்று ஒரு காக்கா (எங்கள் ஊர்ப் பேச்சில் அண்ணன்) சொன்னது என் காதிலேயே நிற்கிறது.

2024 ஜூலை 4 முடிவுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 33.7 சதவீத ஓட்டில் லேபர் 400க்கும் மேல் இடம் பிடித்தது. அந்த அலையிலும் லெஸ்டர் சவுத்தில், முந்தைய தேர்தலில் 22,000க்கும் மேல் வித்தியாசத்தில் வென்ற லேபரின் ஜொனதன் ஆஷ்வொர்த், காசாவை முன்வைத்து நின்ற சுயேச்சை ஷௌகத் ஆதமிடம் 979 ஓட்டில் தோற்றார். பிளாக்பர்ன் தொகுதியும் 132 ஓட்டில் லேபர் கையை விட்டுப் போனது. லேபரின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான வெஸ் ஸ்ட்ரீட்டிங் இல்ஃபோர்ட் நார்த்தில் 528 ஓட்டில் தப்பினார். எதிர்த்து நின்றது லியான் முகம்மது என்ற 23 வயது பாலஸ்தீன வம்சாவளிப் பெண். மதம் பார்த்துப் போட்டார்கள் என்கிறவர்கள் பர்மிங்காம் பெரி பார் தொகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே 2001 முதல் எம்.பி.யாக இருந்த லேபரின் காலித் மஹ்மூத் முஸ்லிம்தான். அவரும் தோற்றார்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். லேபர் எம்.பி. ஜெஸ் பிலிப்ஸ், 2023 நவம்பரில் போர்நிறுத்தத்துக்கு ஓட்டுப் போட்டுத் தன் நிழல் அமைச்சர் பதவியை விட்டவர். 693 ஓட்டில் வென்று மேடையில் பேச நின்றபோது கூச்சல் போட்டு அவரைப் பேசவிடவில்லை. பிரச்சாரத்தில் அவருடைய ஆட்களை மிரட்டியதாகவும் சொன்னார். டி.வி.யில் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாம் கேட்டதைச் செய்தவரை இப்படி நடத்தினால் அடுத்த முறை எந்த எம்.பி. துணிவார்? இதைப் பள்ளியில் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை.

நான் அந்த முறை சுயேச்சைக்குப் போட்டேன். என் மனைவி லேபருக்கே போட்டாள். அவள் அரசு மருத்துவமனையில் செவிலியர். காத்திருப்புப் பட்டியலில் கிடக்கும் நோயாளிகளை தினமும் பார்க்கிறாள். "காசாப் பிள்ளைகளுக்கு நானும்தான் அழுகிறேன், என் வார்டில் படுத்திருக்கிறவங்களுக்கு யார் அழுவா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளூர்ப் பிரச்சினை இல்லையா என்று நீங்கள் கேட்டது எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் எங்கள் பள்ளியில் பாதிக்குமேல் டாக்சிக்காரர்களும் கடை ஊழியர்களும்தான். வாடகை ஏறுவது அவர்களுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்த ஒரு ஓட்டை இதற்குக் கொடுத்தார்கள்.

ஆட்சிக்கு வந்த பிறகு 2024 செப்டம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 ஆயுத உரிமங்களில் 30ஐ நிறுத்தினார்கள். எஃப்-35 பாகங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. 2025 செப்டம்பர் 21 அன்று பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்தார்கள். பல வருஷக் கோரிக்கை அது. வேறு காலமாக இருந்தால் பள்ளியில் இனிப்புக் கொடுத்திருப்போம்.

அந்த வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, முன்பு எப்போதும் எங்கள் தெருவில் லேபருக்கு நோட்டீஸ் கொடுக்கிற, வங்கதேசத்துச் சில்ஹெட் பகுதிப் பெரியவரிடம் செய்தியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். செருப்பை மாட்டியபடி, "நல்லது. அங்கே தண்ணி வருதாமா?" என்றார்.