மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிட்டு ஆயுர்வேதத்துக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. எட்டு மாதங்களுக்கு முன் அம்மா இறந்தார். அதன்பின் தூக்கம் கெட்டது, வேலையில் மனம் ஒன்றவில்லை, அவரைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்ற குற்ற உணர்வும் விடவில்லை. மனநல மருத்துவர் கொடுத்த எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையை இரண்டு மாதங்களாகச் சாப்பிடுகிறேன். ஓரளவு பரவாயில்லை. ஆனால் அதை நிறுத்திவிட்டு அஸ்வகந்தாவும் பிராமியும் எடுத்துக்கொள் என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். அழுதால் நோய் முற்றும் என்றும் தடுக்கிறார்கள். ஆயுர்வேதம் உண்மையில் என்ன சொல்கிறது?

பதில்: முதலில், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இவ்வகை மருந்து முழுப் பலன் தருவதற்கே பல வாரங்கள் ஆகும். முதன்முறை வந்த மனச்சோர்வாக இருந்தால், நலம் திரும்பிய பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர்வதுதான் வழக்கம். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், உறக்கமின்மை, உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும். சற்றே விலகியிருந்த சோர்வும் திரும்பிவிடலாம். ஆயுர்வேத மருத்துவனாகிய நான் இதைச் சொல்வதில் முரண் எதுவும் இல்லை. நோயாளிக்கு நன்மை தந்துகொண்டிருக்கும் சிகிச்சையைக் கலைப்பது எங்கள் முறை அன்று.

மனத்துக்கு மருந்து கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் மூலிகையின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். சரகர் பெயரில் வழங்கும் ஆயுர்வேத மூலநூலான சரக சம்ஹிதை தொடங்கும் இடம் வேறு. உடலைப் போலவே மனமும் நோயின் உறைவிடம் என்று அது கூறுகிறது. உடலுக்கு வாதம், பித்தம், கபம் மூன்றும் தோஷங்கள், அதாவது நிலை கெட்டால் நோய் தருபவை. மனத்துக்கு ரஜஸ், தமஸ் இரண்டும் தோஷங்கள். ஓயாத பரபரப்பையும் பற்றையும் ரஜஸ் என்றும், மந்தத்தையும் செயலற்ற சோர்வையும் தமஸ் என்றும் எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். சத்துவம் தோஷங்களின் பட்டியலில் வராது. அது மனத்தின் தெளிந்த நிலை. உடல் தோஷங்களுக்கு மருந்தும் உணவும் கூறிய அதே நூல், மனத்தின் தோஷங்களுக்கு ஞானம், விஞ்ஞானம், தைரியம், ஸ்மிருதி, சமாதி என ஐந்தைச் சொல்கிறது. தன்னை அறிதல், தெளிந்த அறிவு, மனவுறுதி, நினைவில் நிலைத்திருத்தல், மனத்தை ஒருமுகப்படுத்துதல் என்று இவற்றை விளங்கிக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வியில் என் மனத்தைத் தைத்தது அழுகையைப் பற்றிய வரிதான். அடக்கக் கூடாத இயற்கை வேகங்கள், அதாவது உந்துதல்கள், பதின்மூன்றைச் சரகர் வரிசைப்படுத்துகிறார். பசி, தாகம், தும்மல், கொட்டாவி, உறக்கம் ஆகியவற்றோடு கண்ணீரும் அந்த வரிசையில் இருக்கிறது. வரும் கண்ணீரை விழுங்கினால் கண்நோய், இதயநோய், தலைசுற்றல் முதலியவை தோன்றும் என்பது அந்நூலின் கருத்து. அதே அத்தியாயத்தில், அடக்க வேண்டிய வேகங்கள் என்று பேராசை, அச்சம், கோபம், பொறாமை ஆகியவற்றோடு சோகத்தையும் சேர்த்திருக்கிறார். சோகத்தை அடக்கு, கண்ணீரை அடக்காதே என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றும். எனக்கு இது நுட்பமான வேறுபாடாகவே படுகிறது. கண்ணீர் உடலின் வடிகால். அது வரும், வழியும், நிற்கும். சோகத்தின் வேகம் என்பது, ‘நான் சரியாகக் கவனிக்கவில்லை’ என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மனம் நாள் முழுவதும் அதிலேயே சுழல்வது. உங்கள் வீட்டார் முதலாவதைத் தடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இரண்டாவதை வளரவிடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனாலும் அழுகை வந்தால் அழுதுவிடுங்கள்.

அந்தச் சுழற்சிக்கு ஆயுர்வேதம் வைத்திருக்கும் சிகிச்சையின் பெயர் சத்துவாவஜயம். தீங்கு தரும் விஷயங்களிலிருந்து மனத்தைத் திருப்பி மீட்பதே அதற்குச் சரகர் தரும் விளக்கம். உன்மாதம் எனப்படும் மனப்பிறழ்வுக்கான சிகிச்சை பற்றிய பகுதியில், அன்புக்குரியதை இழந்து மனம் தாக்குண்டவருக்கு ஆறுதலும் தேற்றுதலும் தரவேண்டும் என்றும், ஓர் உணர்ச்சியால் வந்த கலக்கத்தை அதற்கு எதிரான உணர்ச்சியால் தணிக்கலாம் என்றும் கூறப்படுகிறது. குற்ற உணர்வு எழும்போது, அம்மாவுக்கு நீங்கள் செய்தவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; முடிந்தால் எழுதியும் வையுங்கள். பயிற்சி பெற்ற உளவியல் ஆலோசகரிடம் பேசுவதையும் இந்த வழியின் இன்றைய வடிவமாகவே கருதுகிறேன். அதே பகுதியில் நோயாளியைக் கட்டிவைப்பது, அச்சுறுத்துவது போன்ற முறைகளும் உள்ளன என்பதை மறைக்க விரும்பவில்லை. அவற்றுக்கு இன்று இடமில்லை. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பழைய நூலில் உள்ளது என்பதற்காக எதையும் கண்மூடிப் பின்பற்றக் கூடாது.

அடுத்தது உறக்கம். உணவு, உறக்கம், பிரம்மசரியம் எனப்படும் ஒழுங்கான வாழ்வு ஆகிய மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத்தூண்கள் என்கிறது ஆயுர்வேதம். உறக்கத்தை வரவழைக்க எண்ணெய் தேய்த்தல், நீராடல், பால், நெய், இனிய ஒலி, நறுமணம், மனத்துக்கு இதமான சூழல் ஆகியவற்றைச் சரகர் பரிந்துரைக்கிறார். பகலுறக்கத்தைப் பொதுவாகக் கண்டிக்கும் அவர், விதிவிலக்கு பெறுவோரில் துயரத்தாலும் அச்சத்தாலும் களைத்தவர்களையும் சேர்த்து அதை அனுமதிப்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும். ஆனால் இரவுத் தூக்கம் கெட்டிருக்கும் நீங்கள் பகலில் அரைமணி நேரத்துக்கு மேல் உறங்காதிருப்பது நல்லது. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இளஞ்சூடான எண்ணெயைப் பாதங்களில் தேய்த்துக்கொள்வது எளிது, செலவும் குறைவு. நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரை பலருக்கு அமைதி தருகிறது என்றாலும், அது மனச்சோர்வுக்கான மாத்திரைக்கு மாற்றாகாது.

இனி மூலிகைகள். இயற்கையானது என்பதால் தீங்கில்லாதது என்று எண்ணுவது தவறு. உன்மாதத்துக்கு நம் நாட்டில் வழங்கிய சர்ப்பகந்தாவிலிருந்து 1952இல் ரெசர்பின் என்ற வேதிப்பொருள் பிரிக்கப்பட்டு, உலகெங்கும் மனநோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பயன்பட்டது; அதை உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததும் பதிவாகியிருக்கிறது. வேலை செய்யும் மருந்துக்குப் பக்கவிளைவும் இருக்கும். அமுக்கரா என்று நாம் அழைக்கும் அஸ்வகந்தா மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய, குறுகிய கால ஆய்வுகள் காட்டுகின்றன. மனச்சோர்வுக்கு அது மாத்திரையின் இடத்தைப் பிடிக்கும் என்று காட்டவில்லை. மிகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டுள்ளது, தைராய்டு சுரப்பு கூடலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் அதிகரிக்கலாம். கருவுற்றிருப்பவர்கள் தவிர்க்க வேண்டும். பிராமி என்ற பெயரில் வல்லாரையும் விற்கப்படுகிறது, நீர்ப்பிரமியும் விற்கப்படுகிறது. இரண்டும் வேறு செடிகள் என்பதால் எதை வாங்குகிறோம் என்று கேட்டே வாங்க வேண்டும். அறிவாற்றலை வளர்க்கும் ரசாயனங்களாக, அதாவது உடலுக்கு வலுவூட்டும் மருந்துகளாக, சரகர் சொல்லும் நான்கில் ஒன்றான அதிமதுரம், நீண்டநாள் எடுத்தால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். மற்றொன்றான சங்கபுஷ்பியின் பெயரில் வரும் பானம், வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் மருந்தின் அளவைக் குறைத்துவிடும். உலோகம் சேர்ந்த பஸ்பங்களையும் செந்தூரங்களையும் கண்காணிப்பில்லாமல் தொடவே வேண்டாம்.

ஆகவே ஆயுர்வேதத்தை மாத்திரையோடு இணைத்தே தொடங்குங்கள். ‘மனோ விஞ்ஞானம் மற்றும் மானச ரோகம்’ என்ற பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஆயுர்வேத மருத்துவரை அதே 2017ஆம் ஆண்டுச் சட்டம் மனநல வல்லுநராக ஏற்கிறது. அத்தகையவர் கிடைத்தால் அவரையே பாருங்கள். போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துச் சென்று காட்டுங்கள். அவர் தரும் மருந்தின் பெயரை மனநல மருத்துவரிடமும் தெரிவியுங்கள். மாத்திரையைக் குறைக்கும் நாளையும் அளவையும் அதை எழுதிக் கொடுத்தவரே முடிவு செய்யட்டும். இதற்கிடையில் வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைவோ தலைகாட்டினால், அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் உடனே வீட்டாரிடம் சொல்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.