‘என்ன நோய்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க!’ – வாசகர் கேள்விகள்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் ‘ஆட்டோ இம்யூன்’ வகையில், தோல், மூட்டு, உறுப்புகளைத் தாங்கிப் பிணைக்கும் திசுக்களைத் தாக்கும் இணைப்புத்திசு நோய்கள் தனிக் குடும்பம். லூபஸ், ஸ்கிளீரோடெர்மா, ஷோக்ரென், மயோசைட்டிஸ் எல்லாம் இதில் அடக்கம். இவற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். மருந்தின் அளவை மாற்றுவதென்றால் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

வயது 34. இரண்டு வருஷமாக விரல் மூட்டுகளில் வலி. காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. அடிக்கடி வாய்ப்புண். குளிர் பட்டால் விரல்கள் வெளுத்துவிடும். ஏஎன்ஏ (உடலின் சொந்த செல்களையே எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் ரத்தப் பரிசோதனை; இரண்டாவது எண் கூடினால் அளவும் கூடுதல்) 1:320, ஸ்பெக்கிள்டு, அதாவது புள்ளி புள்ளியான வகை. மற்ற ஆன்டிபாடிகள் நெகட்டிவ். ஒரு டாக்டர் ‘லூபஸ் மாதிரி’ என்றார், அடுத்தவர் ‘வாதம்’ என்றார், இப்போது பார்ப்பவர் ‘யுசிடிடி’ என்று எழுதியிருக்கிறார். நோயே தெரியாமல் மாத்திரை கொடுக்கிறார்களா?
– ஒரு வாசகி, நாமக்கல்

மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு இணைப்புத்திசு நோய் இருக்கிறது, ஆனால் அது எந்த வகை என்று இன்னும் பிரியவில்லை. இந்த நிலைக்குத்தான் யுசிடிடி, அதாவது ‘வகை பிரியாத இணைப்புத்திசு நோய்’ என்று எழுதுவார்கள்.

ஏன் பிரியவில்லை என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஐரோப்பிய, அமெரிக்க ருமடாலஜி அமைப்புகள் 2019-ல் சேர்ந்து வெளியிட்ட லூபஸ் அளவுகோலில், ஏஎன்ஏ 1:80 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கணக்கே தொடங்கும். பிறகு ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 10 வர வேண்டும். மூட்டு பாதிப்புக்கு 6, வாய்ப்புண்ணுக்கு 2. ஆக, உங்கள் கடிதத்தில் இருப்பது 8. விரல் வெளுப்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நாளை சி3 என்ற ரத்தப் புரதம் குறைந்திருந்தால் 3 சேர்ந்து 11 ஆகிவிடும், பெயரும் வந்துவிடும். உடம்பு என்னவோ நேற்று இருந்த அதே உடம்புதான்! இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க உருவானது. எட்டு மதிப்பெண்ணிலேயே ‘இது லூபஸ்தான்’ என்று ஒரு டாக்டர் முடிவெடுப்பதிலும் தவறில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். மூட்டு வலி, வாய்ப்புண் இரண்டுக்கும் முதலில் தருவது ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். லூபஸ் என்றாலும் அதுதான், யுசிடிடி என்றாலும் அதுதான். இந்த நோய்களில் எந்த உறுப்பு, எவ்வளவு பாதித்திருக்கிறது என்பதை வைத்தே சிகிச்சை நடக்கும். யுசிடிடி உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பின்னாளில் அது தெளிவான ஒரு நோயாக மாறும், பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள். மற்றவர்களில் பலருக்கு இப்படியே நிற்கும். சிலருக்கு அடங்கியும்விடும்.

அதனால் பெயரைத் தேடுவதை விட உறுப்புகளைக் கவனிப்பதில் பணத்தைச் செலவிடுங்கள். டாக்டர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரில் புரதம்–கிரியாட்டினின் விகிதம், சி3, சி4 பார்க்க வேண்டும். இதில் பலரும் விட்டுவிடுவது சிறுநீரைத்தான். சிறுநீரகத்தை லூபஸ் தாக்கும்போது வலிக்காது. நுரை நுரையாகப் போவதும் கால் வீங்குவதும் தாமதமாக வரும் அடையாளங்கள். அந்த விகிதம் 0.5-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. காலையில் போகும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். மாதவிடாய் நாட்களில் கொடுத்தால் ரத்தம் கலந்து குழப்பிவிடும்.

ஏஎன்ஏ-வைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வீண் செலவு. அது ஏறுவதும் இறங்குவதும் நோயின் வேகத்தைக் காட்டாது. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘மற்ற ஆன்டிபாடி’ பட்டியலில் யு1 ஆர்என்பி இருந்ததா? விரல் வெளுப்பு, வீங்கிய விரல்கள், மூட்டு வலி ஆகியவற்றோடு அது அதிக அளவில் இருந்தால், 1972-ல் அமெரிக்க மருத்துவர் கார்டன் ஷார்ப் குழுவினர் விவரித்த ‘கலப்பு இணைப்புத்திசு நோய்’ என்ற வகையை நினைக்க வேண்டும். அதில் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடும் ஆபத்து உண்டு என்பதால் எக்கோவும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் அவ்வப்போது தேவை. வழக்கமாக ஏறும் மாடிப்படியில் புதிதாக மூச்சு வாங்கினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்காதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் டாக்டரைப் பார்க்கும் நாளில் வாய்ப்புண்ணும் இருக்காது, விரலும் வெளுத்திருக்காது. வரும்போதே போனில் படம் எடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல். தோல் தடிப்பு என்றால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். ‘காலையில் கை இறுகும்’ என்று சொல்வதை விட ‘எழுந்து 50 நிமிஷம் கழித்துத்தான் சட்டைப் பொத்தான் போட முடிகிறது’ என்று எழுதிக்கொண்டு போவது பல மடங்கு உதவும். பழைய கருச்சிதைவு, காலில் ரத்தம் உறைந்தது, கொத்துக்கொத்தாக முடி கொட்டியது, கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல் ஆகியவற்றை ‘இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்’ என்று சொல்லாமல் விடாதீர்கள். சம்பந்தம் உண்டு.

மாஸ்டர் செக்கப்பில் என் மனைவிக்கு ஏஎன்ஏ 1:80 பாசிட்டிவ். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இன்டர்நெட்டில் படித்துவிட்டு அழுகிறார்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். முழு ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே 1:80 அளவில் நூற்றுக்கு சுமார் 13 பேருக்கு இது பாசிட்டிவாக வரும். 1:320-ல் கூட 3 பேருக்கு வரும். தைராய்டு கோளாறு, ஹெபடைட்டிஸ் சி, காசநோய், தொழுநோய் ஆகியவற்றிலும் வரலாம். அறிகுறி இல்லாத ஒருவருக்கு இந்த டெஸ்ட்டை எடுத்ததே தேவையில்லாத வேலை. ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கையும் சிறுநீரும் பார்த்து, இரண்டும் சரியாக இருந்தால் ஃபைலை மூடிவிடலாம்.

ஜவுளிக்கடையில் வேலை. ஏ.சி. காற்றில் நின்றால் விரல்கள் வெள்ளை, பிறகு நீலம், கடைசியில் சிவந்து குத்துகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு

இது ரேனாட். குளிரிலோ பதற்றத்திலோ விரல்களின் சின்ன ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கிக்கொள்வதால் வருகிறது. கைக்கு மட்டும் உறை போட்டால் போதாது. மார்பும் வயிறும் குளிர்ந்தாலே உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். உள்ளே ஒரு பருத்தி பனியன், காலில் சாக்ஸ், ஏ.சி. நேராக வீசாத இடத்தில் நிற்பது, இந்த மூன்றும் முதலில். ஃபிரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரம் எடுக்க, பிரீசரில் கைவிட, அடுப்பங்கரைக் கையுறை ஒன்றைக் கதவிலேயே மாட்டிவையுங்கள்.

வெளுத்த பிறகு செய்யும் தவறு, கொதிக்கிற வெந்நீரில் கையை முக்குவது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். அது இல்லாவிட்டால் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கையைத் தோளிலிருந்து வட்டமாகச் சுழற்றுங்கள்.

நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் பாருங்கள். தலைவலிக்கோ படபடப்புக்கோ தரும் புரோப்ரனோலால், ஒற்றைத் தலைவலிக்கான எர்கோடமின், மூக்கடைப்புக்கான ஃபீனைல்எஃப்ரின் கலந்த சளி மாத்திரை ஆகியவை இதைக் கிளப்பிவிடும். வீட்டில் பீடி, சிகரெட் புகையும் ஆகாது. அப்படியும் அடங்காவிட்டால் ரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின் அல்லது அம்லோடிபின் தருவார்கள். முதல் வாரங்களில் தலைவலியும் கணுக்கால் வீக்கமும் வரலாம்.

பலருக்கு ரேனாட் தனியாகவே இருக்கும், வேறு நோய் எதுவும் இருக்காது. நகக்கண் ஓரத்து நுண்குழாய்களை லென்ஸ் வழியாகப் பார்த்தும், ஏஎன்ஏ பார்த்தும் பிரித்துவிடலாம். விரல் நுனியில் புண், கறுப்பு, அல்லது ஒரே ஒரு விரல் மட்டும் நீலமாகவே நின்றுவிட்டது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்டால் கண் போய்விடுமாமே? மூன்று வாரம் சாப்பிட்டேன், பலனும் இல்லை. நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

மூன்று வாரத்தில் இந்த மருந்திடம் பலனை எதிர்பார்க்கக் கூடாது. தெரியவே இரண்டு, மூன்று மாதம் ஆகும். முழுப் பலனுக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். பாதியில் விட்டுவிட்டு ‘எனக்கு ஒத்துக்கலை’ என்பவர்களில் பலர் உங்களைப் போல அவசரப்பட்டவர்களே.

கண் பயத்துக்கு விடை அளவில் இருக்கிறது. ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 60 கிலோ என்றால் 300 மி.கி., அதாவது 200 ஒருநாள், 400 மறுநாள் என்று மாற்றி மாற்றி. 40 கிலோ என்றால் 200 மட்டுமே. எடையே பார்க்காமல் எல்லாருக்கும் 400 என்று ஓடும் சீட்டுகளில்தான் சிக்கல். உங்கள் எடையை 5-ஆல் பெருக்கி, மாத்திரையின் அளவோடு இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அளவுக்குள் இருந்தால் முதல் ஐந்து ஆண்டுகளில் விழித்திரை பாதிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே, பத்து ஆண்டுகளில் இரண்டுக்கும் கீழே. அதற்குப் பிறகு ஏறிக்கொண்டே போகும்.

தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்தாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய்க்கான டாமாக்ஸிஃபென் எடுத்தாலோ முன்பே தொடங்க வேண்டும். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி அனுப்பினால் அது இந்தச் சோதனை ஆகாது. விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனும், கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையும் தேவை. ஆசியர்களுக்கு இந்தப் பாதிப்பு விழித்திரையின் நடுப்பகுதிக்குச் சற்று வெளியே தொடங்குவதுண்டு. அதனால் 10-2 என்ற குறுகிய புலத்தோடு, 24-2 அல்லது 30-2 என்ற அகலமான புலத்தையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். ஜெலுசில் போன்றவற்றுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஆறு மாதமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி. முகம் வீங்கிவிட்டது என்று என் கணவர் நிறுத்தச் சொல்கிறார். உறவினர் ஒரு சூரணம் வாங்கித் தந்திருக்கிறார். ‘ரெண்டே நாளில் வலி போயிடும்’ என்கிறார்.
– ஒரு வாசகி, விழுப்புரம்

இரண்டே நாளில் மூட்டு வலியை அடக்கும் லேபிள் இல்லாத பொடியில், நீங்கள் விட நினைக்கிற அதே ஸ்டீராய்டு அளவு தெரியாமல் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தொடாதீர்கள்.

ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சட்டென்று விட்டால் கடும் அசதி, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். கடைசி 5 மி.கி.யைக் குறைக்க மாதக்கணக்கில் ஆவது சகஜம். வாந்தி எடுத்து மாத்திரை தங்காத நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய், ‘ஸ்டீராய்டு எடுக்கிறேன்’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். முகம் வீங்குவதைப் பற்றிக் கணவருக்குச் சொல்லுங்கள்: அளவு குறையக் குறைய அதுவும் வடியும். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புக்கான கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை டாக்டரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் ‘நோய்தான் கிளம்புது’ என்று நீங்களே ஸ்டீராய்டைக் கூட்டக் கூடாது. அழற்சியைக் காட்டும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளில், லூபஸ் கிளம்பும்போது இஎஸ்ஆர் ஏறும், சிஆர்பி பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. சிஆர்பி எகிறியிருந்தால் முதலில் தொற்றைத் தேடுவார்கள். நம் ஊரில் அந்தத் தேடலில் காசநோய் கட்டாயம் உண்டு.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ சரக்குகளும் வேண்டாம். கூடிப்போய்த்தானே இந்த நோய்! சீந்தில் சாப்பிட்டவர்களுக்கு ஆட்டோ இம்யூன் வகைக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே கோவிட் காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். பசி எடுக்க என்று கொடுக்கும் ஆல்ஃபால்ஃபாவும் (குதிரைமசால்) லூபஸ் உள்ளவர்களுக்கு ஆகாது.

மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். ஆன்டி-ரோ (லூபஸ், ஷோக்ரென் போன்ற நோய்களில் காணும் ஓர் ஆன்டிபாடி) பாசிட்டிவ் என்கிறார்கள். குழந்தை பெறலாமா டாக்டர்?
– ஒரு தாய், மதுரை

பெறலாம் அம்மா, திட்டமிட்டு. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளில், மெத்தோட்ரெக்ஸேட் என்றால் மூன்று மாதம் முன்பு, மைகோஃபினோலேட் என்றால் ஆறு வாரம் முன்பு நிறுத்தி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்தக் கூடாது. கர்ப்பம் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்துவது இதைத்தான்.

ஆன்டி-ரோ உள்ள தாய்மாரில் நூற்றுக்கு சுமார் இரண்டு பேரின் சிசுவுக்கு இதயத்துடிப்பின் மின்னோட்டம் தடைபடும். அதைப் பிடிக்கத்தான் 16 முதல் 26 வாரம் வரை சிசுவுக்கு எக்கோ எடுப்பார்கள். ரத்தம் உறைய வைக்கும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடிகளையும் பாருங்கள். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே அதை உறுதி என்று எடுத்துக்கொள்வார்கள். அது உறுதியானால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது.

மெத்தோட்ரெக்ஸேட் போடும் நாள் மறந்துவிட்டால்?
– ஒரு வாசகர், கடலூர்

இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதையும் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் இரட்டிப்பாகப் போடக் கூடாது. இது வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தினமும் போட்டுவிட்டு ரத்த அணுக்கள் சரிந்து இறந்தவர்கள் உண்டு. இதுவும் ஃபோலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் சின்ன மஞ்சள் மாத்திரையாகவே வருவதால் கைமாறிவிடும். இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வைத்து, டப்பா மேல் கிழமையை எழுதுங்கள். சளி, சிறுநீர்த் தொற்றுக்கு யாராவது கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், இதைச் சாப்பிடுவதாகச் சொல்லி மாற்றி வாங்குங்கள். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை அடிபடும். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், காரணமில்லாத ரத்தக் கன்றல் தெரிந்தால் அடுத்த டோஸ் போடாமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.