கடையை மூடும் முன் பாக்கியை வசூலியுங்கள்

கையால் தைத்த நோட்டு விற்கிறீர்கள், வியாபாரம் படுத்துவிட்டது, ஒரு கம்பெனி நான்கு மாதமாகப் பணம் தரவில்லை, திருவல்லிக்கேணி கடையை மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் நண்பரே.

முதலில் பாக்கி. சரக்கு கொடுக்கும் முன்பே உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்திருந்தீர்களா? (பதிவு இலவசம், தரகரிடம் காசை விடாதீர்கள்.) அப்படியென்றால் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி அவர்கள் அதிகபட்சம் 45 நாளில் தந்திருக்க வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை மேற்கோள் காட்டி ஒரு கடிதம் போடுங்கள். மசியாவிட்டால் இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார்.

அப்புறம் வாடகை. 2020 ஊரடங்கில் நான் கடையை விட்டுவிட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து தைத்தேன். ஆண்டர்சன் தெருவில் காகிதத்தை ரீம் கணக்கில் வாங்கிக் குவிப்பதையும் நிறுத்தினேன். பாதி முன்பணம் வந்த பிறகுதான் காகிதமே வாங்குவேன். இரண்டு வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள், போகட்டும்.